மணிமங்கலத்தில் மூலிகை பறித்தவர்கள்

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்தில் ஒரு குழந்தைக்குச் சளி கட்டினால், வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போய்க் கால்மணி நேரத்தில் கையில் தழையோடு திரும்புவார். எங்கே போவது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஆடாதொடையும் நொச்சியும் வேலியிலேயே இருந்தன. தூதுவளை அதே வேலியில் முள்ளோடு ஏறியிருக்கும். முடக்கத்தான் அதன் மேல் படர்ந்திருக்கும். ஏரி வற்றி வரும்போது ஈரத்தரையில் வல்லாரையும் பொடுதலையும் கிடைக்கும். தண்ணீர் தேங்கிய ஓரத்தில் நீர்முள்ளி, வயல் வரப்பில் கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும், தரிசில் தும்பை, குப்பைமேனி, நெருஞ்சி. பழைய வேப்பமரம் என்றால் அதில் சீந்தில் கொடி தொங்காமல் இருக்காது.

எந்தச் செடி எங்கே என்பதோடு, எப்போது என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. கீழாநெல்லி ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு முழங்கால் உயரம் கூட வளராமல் கொத்துக் கொத்தாக வரும். தை பிறந்து வெயில் ஏறினால் காய்ந்துவிடும். ஆகவே மழைக்காலத்திலேயே வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, நிழலில் உலர்த்தி, துணியில் முடிந்து மச்சில் வைத்துவிடுவார்கள்.

பிடுங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. இலைக்காம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சின்னச் சின்னப் பச்சைக் காய்கள் அடிப்பக்கம் வரிசையாகத் தொங்க வேண்டும். அதன் பக்கத்திலேயே அதைப் போன்ற இன்னொன்று, தண்டு சிவந்து, காயின் மேல் சொரசொரப்போடு நிற்கும். மேலாநெல்லி என்று வேறொன்றும் உண்டு. "திருப்பிப் பாரு கண்ணு, காயைத் தடவிப் பாரு" என்பார் எங்கள் தெரு ஆயா ஒருவர். விரலுக்கு வழவழப்பாகத் தட்டுப்பட்டால்தான் கூடைக்குள் போடுவார். மூன்றும் ஒரே சாலையோரத்தில் ஒன்றாக வளரக்கூடியவை. இன்றைக்குத் தாவரவியல் மாணவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பிரிப்பதை அவர் கட்டைவிரலால் பிரித்தார்.

நம் மருத்துவ மரபைப் பற்றிப் பேசும்போது சித்தர்களைச் சொல்கிறோம், சுவடிகளைச் சொல்கிறோம், வைத்தியர்களைச் சொல்கிறோம். மூலிகையைப் பறித்துக்கொண்டு வந்தவரை யாரும் சொல்வதில்லை. இந்த ஊரில் நடந்திருக்கும் மாற்றத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சோழர்கள் அவரை மறக்கவில்லை. மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கூடல் சங்கமத்தில் சாளுக்கியரை வென்ற பெருமையைச் சொல்வது. அதே அரசனின் இன்னொரு கல்வெட்டு, இங்கிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போய், அதற்கும் அப்பால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் இருக்கிறது. 1060-களின் இறுதியில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டு ஒரு மருத்துவமனைக்கான ஏற்பாடுகளைச் சொல்கிறது. பெயர் வீரசோழன். படுக்கைகள் 15. கோயிலிலும் அங்கிருந்த கல்விச்சாலையிலும் இருந்தவர்களுக்காக நடந்தது. ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர் என்று பணியாளர் பட்டியல் வருகிறது. ஆண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய சுமார் இருபது மருந்துகள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. பணியாளர் பட்டியலில்தான் மருந்துக்கு வேண்டிய மூலிகைகளையும் விறகையும் கொண்டுவந்து மருந்து செய்ய இருவர் என்று வருகிறது. அவர்களுக்கும் நெல்லும் காசும் உண்டு. மூலிகை கொண்டுவருவது சம்பளத்துக்குரிய பணி என்று தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே, நம்முடைய இதே மாவட்டத்தில், கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் அந்தப் பணியைச் சம்பளமில்லாமல் செய்தவர்கள் இருவகை. ஒன்று, வீட்டுப் பெரியவர்கள். மற்றொன்று, இருளர்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கங்களில் ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் குடியிருந்த இவர்களுக்கு வேர்களைப் பற்றித் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. எலி பிடிக்க, கூலி வேலைக்கு என்று வயலுக்கு வருகிற இருளப் பெண்ணிடம் சொல்லி வைத்தால், அடுத்த முறை வரும்போது மடியில் கட்டிக்கொண்டு வருவார். கொடுத்தது படி நெல்லோ பழைய சேலையோ. அவருக்குத் தெரிந்ததற்கு அது விலையே இல்லை. வீட்டுக்குள் அவரை விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. அந்தக் காலத்தைப் பொன்னாகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அந்தக் காலத்து மருத்துவம் எல்லாம் குணமாக்கியதா? இல்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை நெல்லிக்காய் அளவு அரைத்து, விடியற்காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியம். பெரும்பாலானவர்கள் தேறினார்கள். கெட்ட தண்ணீரால் பரவும் காமாலை பெரும்பாலும் ஓய்விலும் லேசான சாப்பாட்டிலும் தானாகவே ஆறக்கூடியது; பாராட்டு கீழாநெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. பித்தப்பைக் கல்லாலோ கட்டியாலோ வந்த காமாலைக்கும் அதே மோர்தான். அப்படி வந்தவர்களுக்கு இரண்டு வாரம், மூன்று வாரம் வீணாகப் போனது; சிலருக்கு உயிரே போனது.

ஆனாலும் கீழாநெல்லியை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜனும் அவருடன் இருந்தவர்களும், ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் 'தி லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. காரணங்களைத் தேடியபோது எழுந்த கேள்விகளில் ஒன்று, எந்த மண்ணில் வளர்ந்த எந்தச் செடி, எப்போது பறித்தது என்பது. ஆயாவின் கட்டைவிரல் கேட்ட அதே கேள்வி.

பாம்புக்கடி விஷயம் இன்னும் கடுமையானது. நெல் வயலும் ஏரியும் உள்ள ஊரில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் இருந்தே தீரும். கடிபட்டவருக்குப் பச்சிலை அரைத்துக் கொடுத்ததும், வேரை மெல்லச் சொன்னதும், கசக்கிறதா இனிக்கிறதா என்று கேட்டு விஷத்தை மதிப்பிட்டதும் எல்லா ஊரிலும் நடந்தது. விஷம் ஏறாத கடியில் ஆள் பிழைத்தார், விஷம் ஏறிய கடியில் போனார். பாம்பின் நஞ்சை முறிக்கும் பச்சிலை எதுவும் இல்லை. நச்சு முறிவு ஊசி ஒன்றுதான் மருந்து. அந்த ஊசிக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருகிறவர்கள் யார்? அதே இருளர்கள். பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு போன பிறகு, 1978-ல் அவர்களுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் பாம்பைக் காயப்படுத்தாமல் நஞ்சை எடுத்து மறுபடி காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் தயாராகும் முறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலமாக அவர்களிடமிருந்தே போனது. வேர் கொடுத்த கைதான் இன்று ஊசிக்கு நஞ்சு கொடுக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையே நான் காணும் மாற்றங்களில் என் மனம் முழுவதுமாக ஏற்றுக்கொள்ளும் மாற்றம் இது.

இனி ஊருக்கு வருவோம். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998-ல் கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிக்கொண்டு போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். இவற்றோடு வரிசையாக லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி, கண்ணாடி, டயர். நடுவில் இருக்கும் மணிமங்கலம் ஆலை ஊராகவில்லை. ஆலைக்குப் போகிறவர்கள் தூங்கும் ஊராகிவிட்டது. வயல்கள் மனைகளாயின. நொச்சி வேலி போய் காம்பவுண்டுச் சுவர் வந்தது. சுவரில் தூதுவளை ஏறாது. பழைய வீட்டுக் கொல்லையில் மிஞ்சியிருந்த முருங்கையையும் கம்பளிப்பூச்சி வருகிறது என்று வெட்டினார்கள். அதே ஆண்டுகளில்தான் முருங்கை இலைத் தூள் வெளிநாடுகளுக்குப் போகத் தொடங்கியது. தமிழக அரசு தேனி, திண்டுக்கல், கரூர் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களை முருங்கை ஏற்றுமதி மண்டலமாக அறிவித்திருக்கிறது. எங்கள் தெருவில் வெட்டிப் போட்ட இலை, புட்டியில் அடைத்துக் கைப்பேசி வழியாக எங்கள் தெருவுக்கே திரும்பி வருகிறது.

அதை வாங்குகிறவர்களில் பலர் ஆலைக்குப் போகும் இளம் பெண்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கத்திலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருப்பவர்கள். முறை மாறி மாறி இரவு வேலை, நேரம் தவறிய சாப்பாடு, முடி கொட்டுதல், மாதவிடாய்க் கோளாறு, சோர்வு. இந்தச் சோர்வைச் சோம்பல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஊரில் இருந்திருந்தால் அம்மா கரிசலாங்கண்ணிக் கீரையோ முருங்கைக் கீரையோ வதக்கிக் கொடுத்திருப்பார். விடுதி அறையில் அடுப்பு இல்லை.

இந்த அடுப்பு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நிலவேம்புக் குடிநீரோ கபசுரக் குடிநீரோ, 5 கிராம் சூரணத்தை 240 மில்லி தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து 60 மில்லியாக வற்றவிட்டு வடிகட்டிக் குடிக்க வேண்டும். அதற்கு அடுப்பு வேண்டும், பாத்திரம் வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்ணிடம் இவற்றில் எதுவும் கிடையாது. அதனால்தான் கஷாயம் மாத்திரையாயிற்று, லேகியம் மிட்டாயாயிற்று, அமுக்கரா வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய புட்டியாயிற்று. நம்பிக்கை குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது. மருந்தைக் காய்ச்சிய கையும், 'போதும், நிறுத்து' என்று சொன்ன வாயும்தான் இல்லாமல் போயின. ஆயா காமாலைக்கு மூன்று நாள்தான் கொடுப்பார். புட்டியில் தினமும் இரண்டு என்று எழுதியிருக்கிறது. எந்த நாள் வரை என்று எழுதுவதில்லை. அமுக்கராவைத் தொடர்ந்து சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. 2023-ல் டென்மார்க் அதைத் தடையே செய்துவிட்டது.

அன்றைக்கு இல்லாத ஒன்றும் இன்று இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மணிமங்கலத்திலிருந்து முடிச்சூர் வழியாகப் போனால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சித்த மருத்துவக் கல்லூரி, ஸ்ரீபெரும்புதூரில் இன்னொன்று. ஆலைகளுக்கு நடுவே இத்தனை சித்த மருத்துவர்கள் உருவாகும் பகுதி வேறு எங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை. மரபை மட்டும் சொல்லிக்கொண்டிராமல் அளந்து பார்க்கும் வேலையும் இங்கே நடக்கிறது. அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் நான்கையும் சேர்த்து வளரிளம் பெண்களுக்கு 45 நாள் கொடுத்து ரத்தசோகையை ஆராய்ந்ததில் தாம்பரம் நிறுவனத்தாருக்கும் ஸ்ரீபெரும்புதூர் வேலுமயிலு கல்லூரியாருக்கும் பங்கு உண்டு. 2,648 பெண்கள் பங்கேற்ற அந்த முயற்சியில் ஹீமோகுளோபின் கூடியதாக 2024-ல் அறிவித்தார்கள். ஆலைக்குப் போகும் பெண்கள் விடுதிக்கு எதிரேயுள்ள கடையில் முகவரி இல்லாத ரத்த விருத்திப் பொடி வாங்கிச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, சித்த மருத்துவரிடமோ ஆங்கில மருத்துவரிடமோ, யாராவது ஒரு படித்த மருத்துவரிடம் போய்விட்டால் போதும்.

2012-ல் டெங்கு பரவியபோது அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கத் தொடங்கினார்கள். தெருமுனைகளில் அண்டா வைத்து ஊற்றும் வழக்கம் அப்போது பெருகியது. 2017-ல், ஆராய்ச்சி முடியும் வரை கொடுக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் மன்றத்தாருக்குச் சொன்னது பெரிய விவாதமாயிற்று. 2020-ல் கொரோனா வந்ததும் கபசுரக் குடிநீர் வீடுதோறும் வந்தது. அதில் 15 சரக்குகள். ஆடாதொடை, சீந்தில், கோரைக்கிழங்கு, நிலவேம்பு, முள்ளி ஆகிய ஐந்தும் இந்த ஊர் வேலியிலும் வரப்பிலும் ஏரியோரத்திலும் சும்மா கிடந்தவை. கோரைக்கிழங்கைக் களை என்று சபித்துக்கொண்டே பிடுங்கிப் போட்ட ஊர், அதையே 100 கிராம் பொட்டலத்தில் வரிசையில் நின்று வாங்கியது.

அந்தப் பொட்டலத்துக்குள் இருந்ததைப் பறித்தவர் யார்? இங்கேதான் விஷயத்தில் முடிச்சு விழுகிறது. தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காகச் செய்த மதிப்பீட்டின்படி 2014-15-ல் இந்தியாவின் மூலிகைத் தேவை ஏறத்தாழ 5,12,000 டன். வணிகத்தில் புழங்கும் இனங்களில் பெரும்பாலானவை பயிரிடப்படுவதில்லை. காட்டிலும் தரிசிலும் சாலையோரத்திலும் பறித்துச் சேர்ப்பவை. பறிப்பவருக்குக் கூலி கிலோக் கணக்கில். கிலோவுக்குக் கூலி என்றால் இலையைத் திருப்பிப் பார்க்க நேரம் ஏது? கீழாநெல்லி மூட்டையில் அதன் இரண்டு உறவுச் செடிகளும் சேர்ந்தே போகும். மூட்டை நாலு கை மாறி ஆலைக்குப் போய்ப் பொடியான பிறகு எந்தக் கட்டைவிரலாலும் பிரிக்க முடியாது. 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சீந்திலைப் போலவே இருக்கும் அதன் உறவுக் கொடியைத் தவறுதலாகச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். தேசத்துக்கே தெரிந்த ஒரு மருந்துக் கொடியில், எது எது என்ற சந்தேகம் வந்துவிட்டதே, அதுதான் கவலை.

இதைவிடப் பெரிய கவலை மண்ணும் தண்ணீரும். அன்றைக்கு ஏரியோரத்து வல்லாரையைக் கழுவிவிட்டு அப்படியே தின்றோம். நீரோரச் செடிகள் தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளக்கூடியவை. கழுவினால் அது போகாது. மூலிகை மருந்தில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய அரசின் வரம்பு. உரிமம் பெற்ற மருந்துக்கு இந்தச் சோதனை உண்டு. ஏரிக்கரையில் பறித்துச் சந்தையில் கட்டுப்போட்டு விற்கும் கீரைக்குக் கிடையாது. அடையாறு உற்பத்தியாகும் இந்தப் பகுதியில், ஆலைகளும் பெருஞ்சாலைகளும் பழுதுபார்க்கும் பட்டறைகளும் சூழ்ந்த பிறகு, பழைய இடம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செடியை நம்பிச் சாப்பிட முடியாது.

பறிப்பவரைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? முடியும் என்பதற்குச் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. தண்டரையில் இருளப் பெண்களின் நலச் சங்கம் 1986-லிருந்து மூலிகைத் தோட்டம் வளர்க்கிறது, நாற்று கொடுக்கிறது, மருந்து செய்கிறது. மடியில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றவர்களின் பெண்களும் பேத்திகளும் அங்கே கற்றுக்கொடுப்பவர்களாக இருக்கிறார்கள்.

மணிமங்கலம் செய்ய வேண்டியது அதைவிடச் சிறிய காரியம். ஆண்டுதோறும் ஏரிக்கரையையும் வாய்க்கால்களையும் சுத்தம் செய்கிறோம். அப்போது முளைத்திருப்பதையெல்லாம் வழித்து எடுத்துவிடுகிறோம். அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் இன்னும் தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். சுத்தம் செய்யும் வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர்களில் இருவருக்கு நாள்கூலி கொடுத்து, தாம்பரத்துச் சித்த மருத்துவ மாணவர்கள் நால்வரையும் கூட அனுப்பி, எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று கரை நெடுகக் குறித்து வைக்கச் சொல்லலாம். மாணவர்களுக்குத் தாவரவியல் பெயர் தெரியும், பெரியவர்களுக்குச் செடி தெரியும். கூடவே கரையில் நாலைந்து இடங்களில் மண்ணும் தண்ணீரும் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஈயமும் காட்மியமும் வரம்புக்குள் இருக்கும் இடத்தில் பறிக்கலாம். மீறியிருக்கும் இடத்தில் விதையை மட்டும் எடுத்துச் சுத்தமான மண்ணில் போட வேண்டும். மீறியிருக்கும் இடத்தில், 'இங்கே பறிக்காதீர்கள்' என்று ஒரு பலகை வைக்க வேண்டும்.